போர்க்கால ரயில் மாடல்: பார்த்தவர் சொல்லி நீங்கள் திருத்தியது எது?

கிள்ளான்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மாடலில் ரிவெட் ஆணி வரை எண்ணித் தப்புப் பிடிக்கிறவர்கள் நம்மிடம் நிறைய. நான் கேட்பது வேறு. உங்கள் மாடலை யாரோ ஒருவர் வந்து பார்த்து, ஒரே வார்த்தையில் உங்களைத் திருத்தியிருப்பாரே, அதைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

நான் செய்வது சயாம்–பர்மா ரயில். ‘சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க’ என்று நம் மலாயாத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே ரயில்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளையும் நம் தோட்டத் தமிழர்களையும் வைத்துப் போட்ட பாதை. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கி.மீ. 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொங்கொய்தாவில் இரண்டு முனையும் சேர்ந்தன. தண்டவாளம் பற்றாமல் மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையையே பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

என்ஜின் ஜப்பானின் சி56. ஜப்பான் அரசு ரயில்வேக்குச் செய்த 160இல் முதல் 90ஐ மீட்டர் கேஜுக்கு மாற்றிக் கப்பலேற்றினார்கள். ஜப்பான் பாதை 1067 மில்லி, இங்கே 1000. சக்கரத்தை 67 மில்லி நெருக்க வேண்டும். என் மாடல் 1:87, நிஜத்தில் 87 மில்லி இதில் ஒரு மில்லி. அதில் அது முக்கால் மில்லிதான். நான் போட்டிருக்கும் 12 மில்லிப் பாதை கணக்குப்படி 1044 வரும், அதாவது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. இதற்காக மூன்று மாதம் என் தூக்கம் போனது. வீட்டில் கேட்டால் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் ஒரு சமூக மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வைத்தேன். சின்ன ஸ்டேஷன், சி56, பின்னால் எட்டு இரும்பு வேகன். சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் தாய்லாந்தின் பான் போங் வரைக்கும் ஆளை ஏற்றிப் போன அரிசி வேகன்கள். துரு, புகைக்கரி, மழைக் கறை எல்லாம் பார்த்துப் பார்த்துத் தீட்டியிருந்தேன். பேரனோடு ஒரு பாட்டி வந்தார். எண்பது தாண்டியிருக்கும். என்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. வேகன் பக்கமாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் தம்பி கதவெல்லாம் சாத்தியிருக்கு? எங்கப்பா போனப்ப தொறந்துதான் இருந்துச்சு. கை காட்டிக்கிட்டே போனாரு.”

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே ஒன்றும் செய்யாததால்தான் கதவைச் சாத்தி ஒட்டியிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றிரவே ஒரு வேகனை எடுத்து உட்கார்ந்தேன். பித்தளைக் கதவு, சால்டர் போட்டது. சூடு காட்டினால் பக்கவாட்டுச் சட்டமும் சேர்ந்து கழன்றுவிடும். கடைசியில் நகைப்பட்டறை ரம்பத்தால் ஓரமாக அறுத்து, அரம் போட்டுத் தள்ளினேன். கதவு திறந்தாயிற்று. அப்புறம்தான் உள்ளே ஆள் வைக்க வேண்டுமே என்று உறைத்தது.

வேகன் ஏறக்குறைய 18 அடி நீளம், 8 அடி அகலம் என்று கைதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1:87இல் 63 மில்லிக்கு 28. ஒரு வேகனுக்கு முப்பது பேர் என்பதும் அவர்கள் சொன்னதுதான். நம் ஆட்களை ஏற்றியபோது யார் எண்ணினார்கள்? அதனால் முப்பதையே வைத்துக்கொண்டேன். தமிழ்த் தோட்டத் தொழிலாளி பொம்மை எந்தக் கடையிலும் கிடையாது. பிரைசர் என்ற ஜெர்மன் கம்பெனி செய்கிற, வர்ணம் அடிக்காத உட்கார்ந்த பயணிகளை வாங்கி, தொப்பியையும் கோட்டுக் காலரையும் பிளேடால் சுரண்டி, உடம்பை மெலிய வைத்து, ஒவ்வொருவராக உள்ளே இறக்கினேன். முழங்கால் மடக்கி, முதுகோடு முதுகு ஒட்டி, இடுக்கியால் எப்படி அடுக்கினாலும் 22க்கு மேல் இடமில்லை. மீதி எட்டுப் பேர் கையில் நிற்கிறார்கள்.

முறை வைத்து உட்கார்ந்தோம் என்று கைதிகள் எழுதியதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். மேசையில் அந்த எட்டுப் பொம்மையும் மிஞ்சிக் கிடந்தபோதுதான் அது எனக்கு அர்த்தமானது. எட்டுப் பேரையும் நிற்க வைத்தேன். அதில் ஒருவர் வாசலில்.

---

ஒன்பது மில்லி

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கதை சிரிப்புக் கதை. இங்கே போடலாமா என்று யோசித்துத்தான் போடுகிறேன்.

கோயம்புத்தூர். நான் செய்வது ‘N’ ஸ்கேல், ஜப்பானின் கேட்டோ கம்பெனி செய்த சி56 மாடல், 9 மில்லிப் பாதை. ஜப்பானில் ‘N’ ஸ்கேல் 1:150 என்பதால் என் பாதை நிஜத்தில் 1350 மில்லி ஆகிறது. மீட்டர் கேஜை விட 35 செ.மீ. அகலம்! இது எனக்குத் தெரியும், நீங்கள் யாரும் எழுத வேண்டாம்.

அதே சயாம் ரயில் பாதையில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிற இரும்புப் பாலத்தைச் செய்தேன். நெட்டில் கிடைத்த படங்களைப் பார்த்து, மேல்பக்கம் வளைந்த ஸ்பான்களுக்கு (இரண்டு தூணுக்கு நடுவில் வருகிற பாலத் துண்டு) நடுவில், மேல்பக்கம் நேர்கோட்டில் முடிகிற இரண்டு பெரிய ஸ்பான். ‘குவாய் ஆற்றுப் பாலம், 1943’ என்று பித்தளையில் பெயர்ப் பலகையும் வைத்தேன். பாலம் பராமரிப்பில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தாய்லாந்து பக்கம் போனதே இல்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “தம்பி, இந்த ரெண்டும் வேற ஆள் செஞ்சது. கை வேற, காலம் வேற. நடுவுல எப்படிப்பா வரும்?”

தேடிப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த 11 வளைந்த ஸ்பான்தான் போர்க்காலப் பாலம். குண்டுவீச்சில் மூன்று விழுந்தன. போருக்குப் பிறகு அந்த மூன்றின் இடத்தில் ஜப்பானில் செய்த இரண்டு நேர் ஸ்பானைப் போட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அதைத்தான். பலகையும் தப்பு. போரின்போது அந்த ஆற்றுக்குப் பெயர் மே குளோங். குவாய் ஆற்றுப் பாலம் பற்றி வந்த ஆங்கில சினிமாவைப் பார்த்துவிட்டு ஆட்கள் தேடி வந்ததால் 1960 வாக்கில் அந்தப் பகுதிக்கு குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். அதாவது நான் வைத்தது 1943 பலகையோடு போருக்குப் பிந்தைய ஒரு பாலம்.

இரண்டு ஸ்பானையும் பிரித்துவிட்டேன். பலகை பித்தளை என்பதால் தூக்கிப் போட மனமில்லை, பின்பக்கம் திருப்பி ‘வாம்போ’ என்று வெட்டிக்கொண்டேன். வாம்போ அதே பாதையில் இருக்கிற மரப்பாலம், இப்போது அதுதான் நடக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் மரக்கால்களில் வளைந்து போகும். கால் எல்லாம் ஊதுவத்திக் குச்சி. மருந்தைச் சுரண்டினாலும் வாசனை போக மாட்டேன் என்கிறது. அம்மா வந்து எட்டிப் பார்த்து, என்ன பூஜையா என்கிறார்.

---

கரும்புகை

சென்னையிலிருந்து. நான் ஜப்பானுக்கு எதிர்ப்பக்கம். அதே பர்மா போர், அதே மீட்டர் கேஜ், ஆனால் அசாம். அங்கே பெங்கால்–அசாம் ரயில்வேயின் முக்கியப் பாதையை 1944 மார்ச்சிலிருந்து அமெரிக்க ராணுவ ரயில் பட்டாளங்களே ஓட்டின. பிரம்மபுத்திராவில் அப்போது பாலம் கிடையாது. சராய்காட் பாலம் வந்தது 1962இல். அமீன்காவுன் கரையில் வேகனைப் படகில் ஏற்றிப் பாண்டுவில் இறக்குவார்கள். என் மாடல் அந்தப் படகுத்துறை. அமெரிக்காவில் செய்து வந்த மெக்ஆர்தர் என்ஜின் ஒன்று, இரவுக் காட்சி.

அடுப்பு மின்னுகிற மாதிரி கேபினுக்குள் ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. வைத்திருந்தேன். இருட்டில் அவ்வளவு அழகு! விழுப்புரத்தில் மீட்டர் கேஜ் ஃபயர்மேனாக இருந்து டிரைவராகி ஓய்வு பெற்றவர் ஒருவரைக் கூட்டி வந்து பெருமையாகக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். “அடுப்புக் கதவை எவனாவது இப்படித் தொறந்தே வெச்சிருப்பானா? பச்சக் காத்து உள்ள போனா ஸ்டீம் எறங்கிடும். என்னா டிரைவர் ஏசுவாரு தெரியுமா?”

அப்புறம் என் கையைப் பிடித்து ஷவலைச் சுழற்றிக் காட்டினார். கதவு திற, ஒரு வீச்சு, கதவு மூடு. மறுபடி திற, இந்த முறை இடது மூலைக்கு. எழுபது தாண்டிய மனிதர், வெறுங்கை, இடுப்பு சரியாகத் திரும்புகிறது.

சர்க்யூட்டை மாற்றினேன். இரண்டு விநாடி எரியும், அணையும். நான்கைந்து வீச்சுக்கு அப்புறம் நீளமான இருட்டு. விமானம் சுற்றுகிற காலத்தில் இரவில் அடுப்பைத் திறந்து போட்டால் மேலிருந்து விளக்கு காட்டிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும் என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. பார்க்க வருகிறவர்கள் மட்டும், எல்.இ.டி. லூசாகிவிட்டது சார் என்கிறார்கள்.

---

கிள்ளான்காரன்

அண்ணே, சி56 அந்தப் பாதையில் பெரும்பாலும் விறகில்தான் ஓடியது. டெண்டர் (என்ஜினுக்குப் பின்னால் எரிபொருள் வைக்கிற வண்டி) நிறைய கட்டை. அந்த டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?

கரும்புகை

போன் போட்டுக் கேட்டேன். அவர் கரி என்ஜின் ஆள், விறகு போட்டது ஷெட்டில் அடுப்பு மூட்டும்போது மட்டும்தான். ஆனாலும் சொன்னார்: “வெறகுன்னா கதவு மூடவே நேரம் இருக்காது. தின்னுக்கிட்டே இருக்கும். ஒத்த ஆளு பத்தாது.” அப்படியானால் உங்கள் என்ஜினில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம், அதிர்ஷ்டக்காரர். டெண்டரில் கட்டையை நெருப்புக்குச்சி மாதிரி வரிசையாக அடுக்காதே என்றும் சொல்லச் சொன்னார். கைக்கு வந்ததை இழுக்கிற மாதிரி மேலே கலைந்து கிடக்கணுமாம்.

---

ஈப்போ அக்கா

நான் ரயில் செய்வதில்லை. குடிசை, மரம், மண் இதெல்லாம்தான் என் வேலை. என் அம்மாவுக்கு ஒரே அண்ணன், சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அதனால் இந்த ரயிலைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் செய்தது தொழிலாளர் முகாம். கூரைக்கு அத்தாப்பு, அதாவது ஓலைக் கீற்று, எப்படிச் செய்வது என்று ரொம்ப நாள் முழித்தேன். தென்னம் பன்னாடையை வெந்நீரில் ஊறவைத்து, நீள நீளமாகக் கிழித்து, அடியிலிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினேன். காய்ந்ததும் நிஜக் கூரைதான். அப்புறம் பாதியைப் பிய்த்தேன், ஒழுக வேண்டுமே. 1943 மழையில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளிடம் மருந்து இல்லாவிட்டாலும் அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். நம்மவர்கள் முகாமில் அதுவும் இல்லை. ஆகவே ஓரமாக ஒரு தனிக் குடிசை. உள்ளே பாய் மாதிரி மூங்கில் தட்டி, அதில் ஆட்கள்.

ஒரு காட்சிக்குக் கொண்டுபோனேன். ஏற்பாட்டாளர் வந்து, ‘பிள்ளைகள் வருவார்கள், அந்தக் குடிசையை மட்டும் எடுத்துவிடுங்களேன்’ என்றார். பக்கத்து மேசையில் டாங்கியும் பீரங்கியும் இருந்தன, அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசவே இல்லை. மொத்தத்தையும் பெட்டியில் போட்டு மூடி, காரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரியா தப்பா தெரியாது, ஆனால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காஞ்சனபுரி போயிருக்கிறேன். போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் கல், வரிசையாக, பெயர், வயது, பட்டாளம். கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள், ‘இருக்கலாம்’தான். மாமாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அங்கே ஒரு புத்தர் கோயிலில் இப்போது தமிழர்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த முறை பார்க்க வேண்டும்.

தம்பி, வாசலில் நிற்கிற ஆளுக்கு என்ன உடுப்பு போட்டீர்கள்?

---

கிள்ளான்காரன்

கோபமெல்லாம் இல்லை அக்கா. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்த ரயில் இப்போது ஓடுவதில்லை. மோட்டாரைக் கழற்றவில்லை, சும்மா நிற்க வைத்திருக்கிறேன். வேகன் மட்டும் மூன்று முடிந்திருக்கிறது, ஐந்து பாக்கி. 90 பேர் ஆயிற்று, கண்தான் போகிறது.

உடுப்பு விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். முதலில் வெள்ளைச் சட்டை, வேட்டி தீட்டினேன். போன மாதம் பாட்டியின் பேரனைப் பிடித்து, வேகனை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். பார்வை இப்போது சரியில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வாசலில் நிற்கிற ஆளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். “வெள்ளையாட்டம் தெரியுதே. வெள்ளைத் துணிக்கு எங்கப்பா எங்க போறது? சாக்குதான் கட்டியிருந்தாரு” என்றார். அந்தச் சமயம் மலாயாவில் துணிப் பஞ்சம், தோட்டத்தில் பாதிப் பேர் கோணிதான். தெரிந்தும் மறந்துவிட்டேன்.

ஆகவே 90 பேருக்கும் மறுபடி வர்ணம். காக்கியோடு கொஞ்சம் மஞ்சள் கலந்தால் ராணுவ உடுப்பு மாதிரி வருகிறது, பழுப்பு கூடினால் தேக்குப் பலகை மாதிரி ஆகிறது. சாக்கு நிறத்துக்கு யாராவது என்ன கலக்கிறீர்கள்?

ஈப்போ அக்கா

புதுச் சாக்கா, மழையில் நனைந்த சாக்கா?