எபொனைட் தண்டை எதுவரை ராவலாம்? முதல் பைப், உதவி தேவை

புதுக்கட்டை:
வணக்கம். மூன்று வாரமாக என் முதல் பைப்பை, அதாவது புகையிலை பிடிக்கும் குழாயை, செய்துகொண்டிருக்கிறேன். துளைகள் போட்டு, எபொனைட் (கெட்டி ரப்பர்) தண்டும் பொருத்தியே வந்த பிரையர் கட்டை, பைப் செய்யும் வேர்மரம். புகையிலை வைக்கும் கிண்ணத்தைச் சுற்றி மரத்தைக் கழித்தது நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஒரு பக்கம் முழுக்க ரேகைகள் நிமிர்ந்து நிற்கின்றன, எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

தண்டைத் தனியாகக் கழற்றி வைத்து உப்புத்தாள் போட்டேன். திரும்பச் செருகினால் மரமும் தண்டும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு சின்னப் பள்ளம், நகம் மாட்டுகிறது. அப்புறம், பல்லில் கடிக்கும் இடம் வெர்னியரில் 5.8 மி.மீ. காட்டுகிறது, வாயில் தடியாக உறுத்துகிறது. இன்னும் ராவ ஆசைதான். ஆனால் உள்ளே காற்றுத்துளை எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அரத்தை வைக்கப் பயமாக இருக்கிறது. எதுவரை போகலாம்?

அரைவட்ட அரம்:
தம்பி, பயப்படுவது நல்லதுதான். என் இரண்டாவது பைப்பில் அந்தப் பயம் இல்லாமல் போய்த்தான் தண்டை இழந்தேன். மேல்பக்கத்தையே ராவிக்கொண்டிருந்தேன், கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் துளை நடுவில் இல்லை. கடைசியில் உப்புத்தாள் போடும்போது கறுப்புப் பரப்பில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. துளை வெளியே வந்துவிட்டிருந்தது. நான்கு நாள் வேலை அது.

அதனால் முதலில் துளையை அளந்துவிடுங்கள். 1.5, 2 மி.மீ. டிரில் பிட்டுகளின் வழுவழுப்பான பின்பக்கத்தை வாய்ப்பக்கமிருந்து மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். 2 மி.மீ. போகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே 4.2 இருந்தால் மேலும் கீழும் 1.1 மி.மீ. சுவர் நிற்கும், எபொனைட்டுக்கு அது போதும். நான் 4.2-இல் நிறுத்துகிறேன். 4-க்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு, முதல் பைப்பில் வேண்டாம். வாய் நுனியில் துளை திறக்கும் பிளவு நடுவில்தான் இருக்கிறதா என்பதையும் முன்பக்கமிருந்து நேராகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் குறைவாக ராவ வேண்டும்.

ராவும் முறை முக்கியம். வாய் நுனியில் பல்லுக்குப் பிடிமானமாக ஒரு மேடு வேண்டும் அல்லவா, அதற்கு 4 மி.மீ. விட்டுக் குறுக்கே கோடு போடுங்கள். ஓரத்தில் பல் இல்லாத தட்டை அரமாகப் பார்த்து எடுத்து, அந்த வழுவழுப்பான ஓரம் மேட்டுப் பக்கம் இருக்கும்படி வைத்து ராவுங்கள். அப்போதுதான் மேட்டின் சுவர் செங்குத்தாக நிற்கும், அரம் அதைக் கடிக்காது. மேலே பத்து இழுப்பு, திருப்பிக் கீழே பத்து இழுப்பு, உடனே அளவு. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் எண்ணிக்கையை விடாதீர்கள். ராவிய இடம் 4.5-க்கு வந்ததும் அங்கிருந்து மரம் நோக்கி ஒரே சரிவாக இழுத்துக்கொண்டு போங்கள். மீதி 0.3 மி.மீ.யை உப்புத்தாளுக்கு விட்டுவிடுங்கள்.

சரிவு சீராக வந்ததா என்று பார்க்கக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தண்டை லேசாக நனைத்து விளக்குக்கு அடியில் பிடித்து மெல்லச் சாய்த்தால் அதன் மேல் ஒளிக்கோடு ஒன்று ஓடும். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே மேடு இருக்கிறது.

பொருத்தின் பள்ளத்துக்கு வருகிறேன். தனியாகத் தேய்த்ததால் தண்டின் விளிம்பு மழுங்கிவிட்டது, அவ்வளவுதான். இனிமேல் அந்த இடத்தைத் தேய்க்கும்போது தண்டைக் கழற்றவே கூடாது. இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து, 220 எண் உப்புத்தாளை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) தட்டையான மரத்துண்டில் சுற்றி, மரமும் எபொனைட்டும் சேர்ந்து குறையும்படி பள்ளம் மறையும்வரை தேயுங்கள். மரக்கழுத்து 16 மி.மீ. என்றால், உள்ளே 8 மி.மீ. துளை போனாலும் சுற்றிலும் 4 மி.மீ. மரம் இருக்கும். அரை மி.மீ. போவதால் ஒன்றும் ஆகாது. விரலால் மட்டும் தாளைப் பிடித்துத் தேய்க்காதீர்கள். எபொனைட்டும் மரமும் ஒரே வேகத்தில் தேயாது, திரும்பவும் அதே பள்ளம் வரும்.

ஈரத்தாள்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. 320 தாளுக்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தேய்க்கும்போது கருகல் வாசனை வந்தாலே முகமூடி போட வேண்டும் என்று அர்த்தம். பிரையர் தூளுக்கும் அப்படியே. ஆனால் பொருத்துப் பக்கம் மட்டும் தண்ணீர் வேண்டாம், மரம் குடித்து ஊதிவிடும்.

முடித்ததும் வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். கறுப்பு வெளுத்துப் பச்சையும் பழுப்புமாகிவிடும்.

புதுக்கட்டை:
அண்ணா, மிக்க நன்றி. பிட்டை விட்டுப் பார்த்தேன், 1.5 போகிறது, 2 போகவில்லை. பிளவு கீழ்ப்பக்கம் ஒரு மயிரளவு தள்ளியிருக்கிறது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. மேலே பன்னிரண்டு, கீழே எட்டு என்று ராவி இப்போது 4.6-இல் நிற்கிறேன். பொருத்தில் நகம் மாட்டவில்லை. தண்டை லேசாக வளைக்கவும் ஆசை, இப்போதே வளைக்கலாமா?

அரைவட்ட அரம்:
பொறுங்கள். 600 தாள் முடித்துவிட்டு வளையுங்கள், மெருகு அதற்கு அப்புறம். பைப் துடைக்கும் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுவிட்டுச் சூடுகாட்டுங்கள். கம்பி இல்லாமல் வளைத்தால் உள்ளே துளை நசுங்கிக் காற்று அடைபடும். ரப்பர் மாதிரி துவளும்போது வளைத்து, பிடித்த பிடியிலேயே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். வளைவு பிடிக்கவில்லையா, திரும்பச் சூடாக்கினால் எபொனைட் தானாகவே பழையபடி நிமிரும், இன்னொரு தடவை முயலலாம். வளைத்த பிறகும் கம்பி தடங்கலில்லாமல் போய்வர வேண்டும். போய்வந்தால் ஒரு படம் போடுங்கள், அந்த ரேகையைப் பார்க்க வேண்டும்.