சாலை அடைப்புப் பதிவின் அடியில் கடையின் போன் எண் போட்டால் என்ன குற்றம்?

கல்லாப்பெட்டி:
நேற்று வேறொரு இழையில் மழைக்காகம் அருளிய வாக்கு இது: "சிறு கடைக்காரர் பத்துப் பதிவு போட்டால் எட்டு அக்கம்பக்கத்தாருக்குப் பயன்பட வேண்டும், இரண்டுதான் கடையைப் பற்றி. சாலை அடைப்பு அறிவிப்பின் அடியில் கடை எண் இருந்தால் அது எட்டில் சேராது." எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? காலையில் எழுந்து, எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது என்று நேரில் பார்த்து, மாற்று வழியும் எழுதிப் போடுகிறேன். அடியில் ஒரு எண் இருந்தால் அத்தனை உழைப்பும் விளம்பரமா?

மழைக்காகம்:
விளம்பரம்தான். சாலை அடைபட்டதைச் சொல்ல சாலையின் பெயர் போதும். எண் எதற்கு?

கல்லாப்பெட்டி:
கூப்பிட்டு வழி கேட்கிறார்கள் ஐயா. நேற்றுகூட இரண்டு பேர்.

மழைக்காகம்:
இரண்டு பேருமே "கடை எத்தனை மணி வரை?" என்றும் கேட்டிருப்பார்களே?

கல்லாப்பெட்டி:
ஒருவர் கேட்டார். அதனால் என்ன?

திண்ணைப்பேச்சு:
முதலில் ஒன்று. "அக்கம்பக்கத்தார்" என்று யாரைச் சொல்கிறோம்? வாங்க வருபவர்களையா, அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரையுமா? அதை முடிவு செய்யாமல் எட்டு, இரண்டு என்று எண்ணி என்ன பயன்?

கல்லாப்பெட்டி:
அதெல்லாம் அப்புறம். எண் போடலாமா, கூடாதா? அதற்குப் பதில் வேண்டும்.

நாலாம்மாடி:
மழைக்காகம் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கும் பேச்சை வளர்க்கும் பதிவுகளுக்கும்தான் முன்னுரிமை என்று ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. வணிகப் பக்கங்களின் பதிவுகள் அதற்குப் பிறகு இன்னும் பின்னுக்குப் போயின. விளம்பர வாடை அடித்தால் யாரும் பதில் எழுத மாட்டார்கள். "அந்தக் குறுக்குச் சந்தும் அடைப்பா?" என்று நாலு பேர் கீழே கேட்டால்தான் பதிவு நகரும்.

கல்லாப்பெட்டி:
ஃபேஸ்புக் கதை எனக்கு வேண்டாம். நான் போடுவது வாட்ஸ்அப்பில். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் என் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். சாலைச் செய்தியை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புகிறார், அந்த இன்னொருவர் அடியில் இருக்கும் எண்ணைச் சேமிக்கிறார், அடுத்த செய்தி அவருக்கும் நேராகப் போகிறது. எண் இல்லாவிட்டால் எதைச் சேமிப்பார்? உங்கள் உபதேசத்தையா?

மழைக்காகம்:
ஆக, ஆள் சேர்க்கத்தான் எண். நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கல்லாப்பெட்டி:
ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கினேன்.

ஒற்றுப்புலி:
மழைக்காகம், "சொல்ல சாலை" அல்ல, "சொல்லச் சாலை". ஊருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர் ஒற்றைக் கவனிக்க வேண்டாமா?

மழைக்காகம்:
வந்துவிட்டீர்களா? எட்டா இரண்டா என்று சொல்லிவிட்டு ஒற்றைத் திருத்துங்கள்.

ஒற்றுப்புலி:
என் வேலை ஒற்று. எண்ணிக்கை அல்ல.

கல்லாப்பெட்டி:
இன்னொன்றும் சொல்கிறேன். டயர் விற்கும் மிஷலின் 1900-இல் காரோட்டிகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. பழுதுபார்க்கும் இடம், தங்கும் விடுதி எல்லாம் இருந்தன. 1920 வரை இலவசம். ஆட்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள். அதற்காக அந்தப் புத்தகம் யாருக்கும் பயன்படாமல் போனதா? நூறு ஆண்டு தாண்டியும் வருகிறது. அட்டையில் கம்பெனி பெயரோடுதான் வருகிறது.

மழைக்காகம்:
உங்கள் சாலை அடைப்புப் படமும் மிஷலினும் ஒன்றா? அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மாற்று வழி எறும்பு அளவு எழுத்தில், எண் யானை அளவில்.

கல்லாப்பெட்டி:
எழுத்தளவு வேறு பேச்சு. எண் இருக்கலாமா, கூடாதா?

நாலாம்மாடி:
பக்கத்தின் முகப்பிலேயே எண் இருக்கிறதே, அது போதாதா?

கல்லாப்பெட்டி:
படம் கைமாறிப் போகும்போது முகப்பும் கூடவே போகுமா? யோசித்து எழுதுங்கள்.

திண்ணைப்பேச்சு:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

மழைக்காகம்:
கல்லாப்பெட்டிக்கு உண்மையான கோபம் எண்ணைப் பற்றி அல்ல. போன மாதம் விமர்சன இழையில் நான் குறை சொன்னது இன்னும் ஆறவில்லை.

கல்லாப்பெட்டி:
நல்லவேளை, நீங்களே எடுத்தீர்கள்! "கூகுளில் விமர்சனம் எழுதினால் தள்ளுபடி கொடுங்கள்" என்று அந்த இழையில் ஊருக்கு யோசனை சொன்னது யார்? தள்ளுபடி காட்டி விமர்சனம் வாங்குவதைக் கூகுள் விதியே தடுக்கிறது. அப்படிப்பட்டவர் என் பத்து இலக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறார்!

மழைக்காகம்:
அது யோசனை இல்லை, கேள்வி. பழைய இழையைப் போய்ப் படியுங்கள்.

கல்லாப்பெட்டி:
படித்தேன். கேள்விக்குறியே இல்லை.

ஒற்றுப்புலி:
நானும் பார்த்தேன். முற்றுப்புள்ளிகூட இல்லை.

மழைக்காகம்:
சரி, மிஷலின் அட்டையில் பெயர் இருக்கிறது. போன் எண் இருக்கிறதா?

கல்லாப்பெட்டி:
நாளைக் காலையும் சாலை அடைப்புதான். படம் தயார். எண்ணை இன்னும் பெரிதாக்கியிருக்கிறேன்.