மழைக்காலத்தில் முளைகட்டிய பயறு: பச்சையாகவா, வேகவைத்தா?

முலுண்ட் மீனா:
வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பதினெட்டு வருஷமாக மும்பை முலுண்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதினாறு வயது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே தினமும் முளைகட்டிய பயறு கொடுங்கள் என்றார். எப்படிக் கொடுப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாசிப்பயறை ஊறவைத்து வடிகட்டி எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் லேசாக முளை வந்ததும் அவளுக்குப் பச்சையாகவே ஒரு கிண்ணம் கொடுத்தேன். அன்று ராத்திரியிலிருந்து இரண்டு நாள் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. மிச்சம் இருந்ததை எடுத்துப் பார்த்தால் கையில் கொழகொழவென்று ஒட்டுகிறது, ஊசிப்போன வாடை. வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ பயறே வாயு, மழை நாளில் வேண்டாம் என்கிறார். நான் என்னதான் செய்வது? இதில் நிஜமாகவே அவ்வளவு சத்து இருக்கிறதா?

மாதுங்கா அத்தை:
மீனா, டப்பாவில் மூடி வைத்ததுதான் தப்பு. அடியில் தண்ணீர் தங்கி, மேலே காற்றும் இல்லாவிட்டால் ஜூலை மாத மும்பையில் எதுவும் ஒரே நாளில் ஊசிப்போகும். நான் கல்யாணமாகி மாதுங்கா லேபர் கேம்புக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு மராத்திக்கார ஆயிதான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்.

ராத்திரி ஊறவைத்து, காலையில் மூன்று தடவை அலசி, பழைய வேட்டித் துணியில் கொட்டி, தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை குழாயிலேயே தொங்கவிட வேண்டும். அப்புறம் தளர்வாக முடிந்து சல்லடையில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள். சாயங்காலம் ஒரு தடவை அலசி மறுபடி வடியவிடுங்கள். மழைக்காலத்தில் காலையில் கட்டினால் ராத்திரியே பாசிப்பயறில் முளை எட்டிப் பார்க்கும். டிசம்பரில் இன்னும் ஒரு நாள் ஆகும், கொண்டைக்கடலைக்கு இரண்டு நாள்கூட ஆகும். ரொம்ப நேரம் விட்டால் முளை துணி இழைக்குள்ளேயே நுழைந்துவிடும், உரிக்கும்போது வால் வாலாக அறுந்து துணியோடு போய்விடும். அதனால் அரை விரல் கணு அளவு வந்ததும் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

முடிந்தால் மட்கி வாங்குங்கள். நம் ஊரில் நரிப்பயறு என்பார்களே, அதுதான். இந்த ஊர்க்காரர்கள் அதைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிட உசலாகச் செய்வதுதான் அதிகம். எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு, முளைகட்டிய மட்கியைச் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பத்து பன்னிரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்தால் மாமியார் சொல்லும் வாயுவுக்கும் பதில் ஆயிற்று.

டோம்பிவிலிக்காரன்:
நான் நான்கு வருஷமாகக் காலையில் ஓடிவிட்டு வந்து பச்சையாகத்தான் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. வேகவைத்தால் உயிருள்ள என்சைம் எல்லாம் செத்துப்போகும், முளைகட்டினால் புரதம் இரண்டு மடங்கு ஆகும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். அக்கா, சுத்தமாகச் செய்தால் பயமில்லை என்று நினைக்கிறேன்.

சயான் டயட்டீஷியன்:
தம்பி, உங்களுக்கு ஒத்துக்கொண்டது, நல்லது. ஆனால் புரதம் இரண்டு மடங்கு ஆகாது. காய்ந்த பாசிப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம். நீளமாக முளைவிட்டதில் 100 கிராமுக்கு 3 கிராம்தான், ஏனென்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். போட்ட ஒரு கைப்பிடிப் பயறில் எவ்வளவு புரதம் இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவுதான் கிண்ணத்துக்கு வரும். செரிப்பது கொஞ்சம் எளிதாகும், அவ்வளவே. என்சைமும் அப்படித்தான், அது விதைக்கு வேலை செய்கிறது. நம் வயிற்று அமிலத்தில் போனால் அதுவும் மற்ற புரதம் மாதிரி செரிந்துவிடும்.

நிஜமாக மாறுவது வேறு. காய்ந்த பயறில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை, முளைவிடும்போது விதை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும் ஸ்கர்வி பரவியது, ரேஷனில் பருப்பு இருந்தும்கூட. லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஹாரியட் சிக்கும் மார்கரெட் ஹியூமும் 1917இல் காய்ந்த பருப்பையும் முளைவிட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்து, முளைவிட்டதற்குத்தான் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி என்று காட்டினார்கள். இரண்டாவது, பயறில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைவிடும்போது அது குறைகிறது. வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் குறையும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும் அதற்குத்தான்.

மீனாம்மா, உங்கள் மகளுக்கு இது முக்கியம்: 16 முதல் 18 வயதுப் பெண்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரை நாளுக்கு 32 மில்லிகிராம் இரும்பு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் காய்ந்த பயறில் இருப்பது ஒன்றரை மில்லிகிராம்தான். அதனால் தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், பயறு அதற்குத் துணை மட்டுமே.

பச்சையாக வேண்டாம் என்பதற்குக் காரணம் கை சுத்தம் மட்டும் இல்லை. கிருமி விதையின் வெடிப்புக்குள்ளேயே இருக்கலாம், எவ்வளவு அலசினாலும் முழுக்கப் போகாது, முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் அதற்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஈ.கோலை என்ற கிருமி பரவி 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடம்பு தேறி வருகிறவர்கள் யாருக்கும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஆவி நன்றாக வரும்வரை வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் போகும், உண்மை. இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் போனதற்கு மேலேயே வந்துவிடும், இரும்பு உடம்பில் சேரவும் அது உதவும். சாப்பிட்டவுடன் டீ கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இன்னொன்று, விதைப்புக்கு விற்கிற விதையை வாங்காதீர்கள், அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

முலுண்ட் மீனா:
ரொம்ப நன்றி. அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்முன் பயறையும் டீயையும் ஒன்றாகத்தான் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சொன்னபடி மட்கி கட்டினேன். வாடையே இல்லை, பச்சை மண் வாசனை மாதிரிதான் இருந்தது. உசலில் எலுமிச்சை பிழிந்து சப்பாத்தியோடு வைத்தேன், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வயிறும் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு ராஜ்மா ரொம்பப் பிடிக்கும், அதையும் இப்படி முளைகட்டி லேசாக வதக்கிக் கொடுக்கலாமா?

சயான் டயட்டீஷியன்:
ராஜ்மாவை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சு முளைகட்டினாலும் முழுதாகப் போகாது, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அப்புறம் குக்கரில் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேகவையுங்கள். முளைகட்ட பாசிப்பயறு, மட்கி, கொள்ளு, கொண்டைக்கடலை போதும்.

மாதுங்கா அத்தை:
கொள்ளு கட்டினால் முதலில் கல் பார்த்துவிடு மீனா. நேற்றுகூட அரைக் கிலோவில் ஏழு கல் பொறுக்கினேன்.