33550336: இவ்வெண் எந்தெந்த வகைகளில் அடங்கும்?

உட்லண்ட்ஸ் அம்மா:
வணக்கம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனிடம், கணிதக் கழகத்தில் 33550336 என்ற எண்ணைக் கொடுத்து, அது எந்தெந்த வகைகளில் அடங்கும் என்பதைக் காரணத்தோடு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நம் தொலைபேசி எண்களைப் போல எட்டு இலக்கம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டால் வகுத்துக்கொண்டே போனவன் 8191-இல் வந்து நிற்கிறான். அது பகா எண்தானா என்று சுருக்கமாகச் சோதிக்க வழியுண்டா?

பீஷான் ஆசிரியர்:
வணக்கம் அம்மா. தம்பி நிற்கும் இடம்தான் இக்கணக்கின் உயிர்நிலை. கொடுத்த எண் 4096 × 8191. அதாவது 2¹² × (2¹³ − 1). 13 ஒற்றைப்படைப் பகா எண் என்பதால், 2¹³ − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 26-ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தரவேண்டும் என்பது ஃபெர்மா வழிவந்த விதி. 8191-இன் வர்க்கமூலம் 91-ஐ எட்டாது. அதற்குள் விதிக்குப் பொருந்தும் பகா எண்கள் 53, 79 இரண்டே. 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் மீதி 54. ஆகவே 8191 பகா எண். இரண்டின் அடுக்கிலிருந்து 1 குறைத்துக் கிடைப்பதால் மெர்சென் வகையைச் சேர்ந்தது.

இனித் தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டச் சொல்லுங்கள். 1, 2, 4 எனத் தொடங்கி 4096 வரை கூட்டினால் 8191. மீதமுள்ளவை 8191-ஐ 1 முதல் 2048 வரையிலான இரண்டின் அடுக்குகளால் பெருக்கியவை, அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் அதே எண் திரும்பக் கிடைக்கிறது. எனவே இது செவ்விய எண். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது. 2ⁿ − 1 பகா எண்ணாக இருந்தால், அதை 2ⁿ-இன் பாதியால் பெருக்கும் இவ்வடிவம் செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் அனைத்துக்கும் இதுவே வடிவம் என்று ஆய்லர் நிறுவினார்.

செங்காங் வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு சில: 1 முதல் 8191 வரை கூட்டினால் இவ்வெண் வருவதால் இது முக்கோண எண்; n × (2n − 1) என்ற வடிவில் n-க்கு 4096 பொருந்துவதால் அறுகோண எண்ணும்கூட. 1³ + 3³ + 5³ என்று 127³ வரை கூட்டினாலும் இதுவே விடை. இரும முறையில் எழுதினால் பதின்மூன்று ஒன்றுகளும் பின்னர்ப் பன்னிரண்டு சுழியங்களும் வரும். எனக்குப் பிடித்தது வேறொன்று: 8191-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7, முன்னால் நிற்கும் 4096 நான்கின் அடுக்கு, ஆதலால் லெஜாண்டரின் தேற்றப்படி இதனை மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது, நான்கு தேவை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 28 என்பது வேடிக்கைதான். அதை ஒரு வகையாக எழுத வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அம்மா:
இருவருக்கும் நன்றி. 8128-க்கும் இதற்கும் நடுவே இத்தனை பெரிய இடைவெளி ஏன் என்று கேட்கிறான்.

பீஷான் ஆசிரியர்:
8128-இல் வருவது 2⁷ − 1. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1 குறைத்ததும் பகு எண்ணாகிவிடும் என்பதால் 8, 9, 10, 12 விலகுகின்றன. 11 பகா எண்ணாயினும் ஏமாற்றும், அதனால்தான் 13 வரை தாவ வேண்டியிருக்கிறது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இரண்டையும் 22-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.