இங்கிலாந்தில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் பல்லைப் பாருங்கள்

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டம். நேற்றுச் சாயங்காலம் கொப்பரை காயப்போட்டிருந்த களத்துக்கே பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போனோடு வந்துவிட்டார். அவர் பையன் லெஸ்டருக்குப் படிக்கப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "காரு ஒண்ணு பாத்திருக்கறானுங்க தம்பி. ரெண்டாயிரத்து முந்நூறு பவுண்டாமா. நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லிப்போடுங்க."

போட்டோவில் கார் பளபளவென்றுதான் இருந்தது. விற்கிற கார் வேறு எப்படி இருக்கும்? நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு படம் மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன். அதை வைத்துக் களத்து மேட்டில் உட்கார்ந்தபடி நாங்கள் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் போயிருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

நம் ஊரில் எஃப்.சி. என்றால் லாரிக்கும் வேனுக்கும் டாக்ஸிக்கும்தான். சொந்தக் காரை 15 வருஷம் வரைக்கும் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை, புகைச் சான்றிதழோடு சரி. பிரிட்டனில் அப்படியில்லை. கார் பதிவாகி மூன்று வருஷம் ஆனதும் எம்.ஓ.டி. என்றொரு சோதனை, அப்புறம் வருஷா வருஷம். வட அயர்லாந்தில் மட்டும் முதல் சோதனை நான்கு வருஷம் ஆனதும். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், அடிப்பக்கத் துரு, புகை எல்லாம் பார்த்து, அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல் என்பதையும் சேர்த்துப் பதிந்துவிடுவார்கள். அந்தப் பதிவு 2005 முதல் அரசின் தளத்திலேயே கிடக்கிறது. கூகுளில் 'செக் எம்.ஓ.டி. ஹிஸ்டரி' என்று தேடி, கவ்.யூ.கே (gov.uk) என்று முடிகிற முகவரியில் நுழைந்து, வண்டி எண்ணைப் போட்டால் போதும். காசு கிடையாது. வேறு தளம் எதுவும் இதற்குப் பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

பிளேட்டில் நடுவே இருக்கும் இரண்டு எண்ணிலேயே வயசு தெரியும். 14 என்றால் 2014 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. 64 என்றால் அதே வருஷம் செப்டம்பர் முதல் அடுத்த பிப்ரவரி வரை. பையன் பார்த்த கார் 64.

தளம் புதுச் சோதனையை மேலே காட்டும். நீங்கள் கடைசி வரை தள்ளிப்போய் கீழிருந்து மேலே படியுங்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு எங்கள் அப்புச்சியோடு போயிருக்கிறேன். மாட்டைக் கழுவி, கொம்பு சீவி, எண்ணெய் பூசித்தான் நிறுத்தியிருப்பார்கள். அவர் அதையெல்லாம் பார்க்கவே மாட்டார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், அப்புறம் நுகம் வைக்கிற இடத்தில் கழுத்துக் காய்ப்பைத் தடவுவார். பல் வயசைச் சொல்லும், காய்ப்பு எவ்வளவு உழுதது என்று சொல்லும். மைல் கணக்குதான் காருக்குக் காய்ப்பு.

இந்தக் காரில் அது ஒழுங்காகவே ஏறியிருந்தது: 2017-ல் 24,000, அதிலிருந்து வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம், 2024-ல் 95,000. நடுவில் எங்காவது எண் குறைந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். சில சமயம் சோதித்தவர் தட்டச்சில் தவறுவதும் உண்டு. அப்படியென்றால் அடுத்த வருஷம் கணக்கு பழைய தடத்துக்கே வந்திருக்கும். ஒரு வருஷம் முழுக்கச் சோதனையே இல்லை என்றால் வண்டி எங்கே கிடந்தது என்று கேளுங்கள். 2020 மட்டும் விதிவிலக்கு. அந்த வருஷம் மார்ச் 30 முதல் ஜூலை கடைசி வரை முடிய வேண்டிய எம்.ஓ.டி.க்களுக்கு ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்று. இப்போது ஓடியிருப்பதைப் பையன் அப்பாவிடம் "98 ஆயிரம் கிலோமீட்டர்" என்று சொல்லியிருக்கிறான். அங்கே மீட்டரில் ஓடுவது மைல், கண்ணு! அது ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்.

ஆனால் விஷயம் மைலில் இல்லை, 'அட்வைசரி' என்ற இடத்தில் இருந்தது. 2018 மே 20 முதல் குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலே ஃபெயில். அட்வைசரி என்பது 'இப்போதைக்குப் பரவாயில்லை, கவனித்துக்கொள்' என்கிற குறிப்பு. இந்தக் காருக்கு 2021-ல் பின்பக்க சப்-ஃபிரேமில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில், துரு. 2022-ல் அதே துரு, இரண்டு பக்கமும். 2023-ல் அதோடு பின் பிரேக் பைப்பிலும் துரு. 2024-ல் ஒரு குறிப்பும் இல்லை, சுத்தமான பாஸ்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, "செரியாயிருச்சுங்களா?" என்றார். துரு எங்காவது தானாகப் போகுமா? நம் ஊர் வெயிலில் இருபது வருஷ அம்பாசடரின் அடிப்பாகம்கூட அப்படியே கிடக்கும். அங்கே குளிர்காலத்தில் ரோடெல்லாம் உப்புத் தூவுகிறார்கள், அது அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். மூன்று வருஷம் இருந்தது நான்காம் வருஷம் காணோம் என்றால், ஒன்று செலவு செய்து மாற்றியிருக்க வேண்டும், அதற்கு பில் இருக்கும். இல்லை, மேலே கருப்புப் பூச்சு அடித்து மூடியிருக்க வேண்டும்.

பையனை இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். சப்-ஃபிரேம் வேலைக்கு பில் உண்டா? லாக்-புக் எனப்படும் வி5சி-யில் (நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி) உள்ள 11 இலக்க எண்ணைத் தர முடியுமா? அந்த எண் இருந்தால்தான் எந்தப் பட்டறையில் சோதித்தார்கள் என்பதைத் தளம் காட்டும். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: வேறொருவர் இன்றைக்கே வாங்க வருகிறாராம், வேண்டுமானால் உடனே முன்பணம் போடச் சொல்லி. விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன்.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றேன். முதல் காரை வாங்கும்போது சீட்டையும் ஸ்டீரியோவையும் பார்த்தேன். இரண்டாம் மாதமே பிரேக் மிதி பஞ்சு மாதிரி இறங்கியது. பட்டறைக்காரர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிரேக் பைப் துரு என்று இரண்டு வருஷம் வரிசையாக எழுதியிருந்தது. கார் விலையில் பாதி அங்கேயே போயிற்று.

ஃபெயில் ஆன காரென்றால் வேண்டாமா என்று கேட்பார்கள். அப்படியில்லை. காலையில் ஃபெயில், பல்பும் டயரும் மாற்றிச் சாயங்காலம் பாஸ் என்றால் நல்லதுதான், செலவு செய்கிற ஆள் என்று தெரிகிறது. டயர் தேய்ந்தது, வைப்பர் கிழிந்தது என்கிற அட்வைசரிக்கெல்லாம் பயப்படாதீர்கள், விலையைக் குறைக்க அது உதவும்.

எம்.ஓ.டி.யில் எஞ்சினின் உள்பாகம், கிளட்ச், கியர்பாக்ஸ் பார்க்க மாட்டார்கள். அதற்கு ஒரு மெக்கானிக் வேண்டும். காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் அடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டி என்று கேட்டகரி எஸ் அல்லது என் ஆனதா என்பதும் அதில் வராது. அதற்குக் கொஞ்சம் பணம் கட்டித் தனியாகச் சோதிக்க வேண்டும், அங்கே கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். லாக்-புக்கில் பேர் இருப்பதாலேயே அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். கடையில் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி, பழுதான காரை 30 நாளுக்குள் திருப்பலாம். தனியாளிடம் அந்த வசதி இல்லை. ரோடு டாக்ஸும் காரோடு வராது, உங்கள் பெயரில் புதிதாகக் கட்டி, இன்சூரன்ஸும் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மறுபடி வந்தார். பையன் இன்னொரு நம்பர் அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவை என்னிடம் போனைக் கொடுக்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "எட்டு வருசத்துல டயரு ரெண்டுவாட்டி, வைப்பரு ஒருவாட்டிங்க. வேறொண்ணும் எழுதல. ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயிப் பாக்கச் சொல்லட்டுங்களா?"