விபிஎன் தரும் உலாவியில் தேடல் விளம்பரம்: கோரிக்கை எந்த வழியே செல்ல வேண்டும்?

கணக்கன்:
உலாவியையோ உலாவி நீட்சியையோ வெளியிட்டு, அதன் தேடல் பக்கத்தில் விளம்பரங்களைக் காட்டி, ஒவ்வொரு கிளிக்கிலும் பங்கு பெறும் வெளியீட்டாளர்களைப் பற்றியது இந்த இழை. அவர்களில் சிலர் அதே உலாவியில் விபிஎன் வசதியையும், அதாவது பயனரின் இணையத் தொடர்பை வேறொரு சேவையகம் வழியே அனுப்பி அவரது முகவரியை மறைக்கும் வசதியையும், சேர்த்துத் தருகிறார்கள். விபிஎன் இயங்கும்போது விளம்பரக் கோரிக்கையும் (தேடல் சொல்லுக்கு ஏற்ற விளம்பரத்தை விளம்பர நிறுவனத்திடம் கேட்டு உலாவி அனுப்பும் செய்தி) அதன் வழியே செல்ல விடலாமா? விடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. கோரிக்கை பயனரின் சொந்த ஐபி முகவரியிலிருந்தே (இணையத்தில் அவரது இணைப்பைக் குறிக்கும் எண்) செல்ல வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் விளம்பரம் காட்டக் கூடாது.

பயனர் தாமாக வேறொருவரிடம் வாங்கிய விபிஎன் பற்றி நான் பேசவில்லை. இங்கே கிளிக்குக்குப் பணம் பெறுபவரும், அந்தக் கிளிக் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கும் கருவியை நடத்துபவரும் ஒருவரே. ஒரே தேடல் சொல்லுக்கான கிளிக் விலை நாட்டுக்கு நாடு பல மடங்கு மாறுகிறது. வெளியேறும் சேவையகம், அதாவது விபிஎன் வழியே வரும் கோரிக்கை பொது இணையத்துக்குள் செல்லும் இடம், எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதை வெளியீட்டாளரே முன்கூட்டி அமைத்துவிட்டால், விளம்பரதாரர் தாம் விற்க முடியாத ஊரில் இருப்பவருக்காக உயர்ந்த விலை கொடுக்கிறார். தாம் ஏமாந்தது அவருக்குத் தெரியவும் வழியில்லை.

திறவுகோல்:
நண்பரே, உங்கள் விதி பயனருக்குக் கொடுத்த வாக்கை மீறச் சொல்கிறது. நோய், கடன், மணமுறிவு என்று வீட்டாரிடமும் சொல்லாதவற்றை மனிதர்கள் தேடல் பெட்டியில்தான் எழுதுகிறார்கள். விபிஎன் இயங்குகிறது என்று திரையில் காட்டிவிட்டு, அந்தச் சொற்களை அவருடைய உண்மையான முகவரியோடு சேர்த்து விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. இணைப்புக்கு இணைப்பு மாறும் ஐபி முகவரியும் சில சூழல்களில் தனிநபர் தரவாகும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-இல், பிரையர் வழக்கில் கூறியிருக்கிறது.

மேலும், விபிஎன் சேவையகங்கள் பெரும்பாலும் தரவு மையங்களில்தான் இருக்கின்றன; ஆனால் தரவு மையத்திலிருந்து வருவதெல்லாம் போலி அல்ல. செல்லாத டிராஃபிக்கை, அதாவது விளம்பரக் கணக்கில் சேர்க்கத் தகாத பார்வைகளையும் கிளிக்குகளையும், கண்டறிவதற்கு, ஊடக அளவீடுகளைத் தணிக்கை செய்யும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, தரவு மையம் வழியாக வர நேர்ந்த உண்மையான பயனர்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்குகிறது.

கணக்கன்:
விலக்குகிறது, ஆனால் அவர்கள் உண்மையான பயனர்கள் என்று யார் சொல்வது? அமெரிக்க நீதித்துறை 2018 நவம்பரில் வெளிப்படுத்திய, போலிப் பார்வையாளர்களைக் கொண்டு நடந்த மெத்பாட் விளம்பர மோசடி வழக்கின் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். 1,900-க்கும் மேற்பட்ட சேவையகங்களும் 6,50,000-க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளும் வாடகைக்கு எடுக்கப்பட்டு, அந்த முகவரிகள் வீட்டு இணைய இணைப்புகள் போலப் பொய்யாகப் பதிவு செய்யப்பட்டன. அது காணொளி விளம்பரம் சார்ந்தது என்றாலும், முகவரியை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஏமாந்த விதம் தேடல் விளம்பரத்துக்கும் பொருந்தும். முகவரியையே அழித்துவிட்டால், நேர்மையான வெளியீட்டாளரும் தம் நேர்மையைக் காட்ட முடியாது.

நுண்வலை:
வலையமைப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, பயனரின் முகவரியைக் கோரிக்கையோடு செல்லும் தலைப்பு வரிகளில் (header) எழுதி அனுப்பினால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அதற்குப் பயன்படும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு வரியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்; அனுப்புபவரை நம்பாதபோது அந்த எழுத்தையும் நம்ப முடியாது. இரண்டாவது, கோரிக்கை மட்டும் நேர்வழியிலும் கிளிக் விபிஎன் வழியிலும் சென்றால், ஒரே செயலுக்கு இரண்டு முகவரிகள் பதிவாகின்றன. அத்தகைய கிளிக் மோசடி போலவே தோற்றம் தரும். மோசடியைக் கண்டறியும் வடிகட்டிகள் அதை நீக்கினால் வியப்பதற்கில்லை. ஆகவே விதி எதுவானாலும், கோரிக்கையும் கிளிக்கும் ஒரே வழியில் செல்ல வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும்.

முகவரியை மறைத்தும் இருப்பிடத்தை ஓரளவு நேர்மையாகச் சொல்ல முடியும். ஆப்பிள் 2021-இல் அறிமுகப்படுத்திய ஐகிளவுட் பிரைவேட் ரிலே என்ற முகவரி மறைக்கும் சேவையில், முதல் இடைநிலைச் சேவையகம் பயனரின் முகவரியை மட்டும் அறியும். வேறு நிறுவனம் நடத்தும் இரண்டாவது, அவர் செல்லும் தளத்தை மட்டும் அறியும். வெளியேறும் முகவரிகளின் பட்டியலை, தோராயமான வட்டாரத்தோடு, ஆப்பிள் பொதுவில் வெளியிடுகிறது. விரும்பிய நாட்டைத் தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை.

திறவுகோல்:
இந்த வழியை நான் மனமார ஏற்கிறேன். வெளியேறும் முகவரிகளை அறிவிக்கட்டும். விளம்பரம் காட்டும் தேடலில் பயனரின் நாட்டை மாற்றாதிருக்கட்டும். ஆனால் வேறு நாட்டைப் பயனரே தேர்ந்தெடுத்திருந்தால், அவரது முகவரியை வெளிப்படுத்துவதை விட அந்தத் தேடலில் விளம்பரத்தையே விட்டுவிடுவதுதான் முறை. வருவாய் குறையும் என்பது உண்மைதான். அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் வெளியீட்டாளர், பயனர் அல்ல.

கணக்கன்:
நாடு மாறினால் விளம்பரம் இல்லை என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நாடு மாறாத நிலையில்தான் எனக்குத் தயக்கம் நீடிக்கிறது. பிரைவேட் ரிலேயில் பயனரை அறிந்தவரும் அவர் செல்லும் தளத்தை அறிந்தவரும் வேறு வேறு நிறுவனத்தார். நாம் பேசும் வெளியீட்டாளரோ இரண்டையும் தாமே வைத்திருக்கிறார். பட்டியலையும் அவரே எழுதுகிறார். இரண்டாவது சேவையகத்தைத் தொடர்பில்லாத வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பட்டியல் சரிதானா என்பதையும் அந்த நிறுவனமே உறுதிசெய்ய முன்வரும் வெளியீட்டாளருக்கு என் விதியைத் தளர்த்தச் சம்மதிக்கிறேன். மற்றவர்களுக்கு நான் முதலில் சொன்னதே பொருந்தும்.