சார்க் படுத்துருச்சு, அப்போ பக்கத்து நாடுங்க பாதுகாப்புக்குன்னு சேந்து நிக்கவே முடியாதா?

மைதான்கடி_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். டெல்லில சவுத் ஏசியன் யுனிவர்சிட்டில எம்ஏ படிக்கறேன், ஊரு தஞ்சாவூர் பக்கம். எங்க ரூம்ல நானும் டாக்காலேந்து வந்த ஒருத்தியும், பக்கத்து ரூம்ல நேபாள் பொண்ணு. ராத்திரி டீ போட்டுக்கிட்டு பேச ஆரம்பிச்சா கடைசில இந்த கேள்வில தான் வந்து முட்டுது. நாங்க படிக்கற யுனிவர்சிட்டியே சார்க், அதாவது தெற்காசிய நாடுங்களோட கூட்டமைப்புல இருக்கற நாடுங்க சேந்து 2010ல ஆரம்பிச்சது, ஆனா அந்த நாட்டு தலைவருங்க கடைசியா ஒண்ணா உக்காந்தது 2014 நவம்பர்ல, காத்மாண்டுல. 2016ல இஸ்லாமாபாத்ல நடக்க வேண்டிய கூட்டம் காஷ்மீர்ல உரி ராணுவ முகாம் மேல நடந்த தாக்குதலுக்கு அப்புறம் நின்னது, நின்னது தான். சாசனத்துலயே ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற தகராற இங்க பேசக்கூடாதுன்னு எழுதிட்டாங்க, எந்த முடிவுக்கும் எல்லாரும் ஒத்துக்கணும். பேச வேண்டியதையே பேசக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கு கூடறது? டாக்கா தோழி "நடுவுல ஒரு பெரிய நாடு உக்காந்திருக்கு, மத்தவங்க பயந்துக்கிட்டே தான் கிட்ட வருவோம்"னு சொன்னா. எனக்கு அது சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா பதில் வரல. உலகத்துல எங்கயாவது அக்கம்பக்கத்து நாடுங்க சேந்து பாதுகாப்பு விஷயத்துல உருப்படியா ஏதாவது பண்ணிருக்காங்களா?

துவாரகா_இஞ்சினியர்:
இருக்கும்மா, நானே அது நடுவுல போயிட்டு வந்தவன். கப்பல்ல இஞ்சின் ரூம் வேலை, இப்ப ரிட்டயர் ஆகி துவாரகால பொண்ணு வீட்ல இருக்கேன். 2000க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல இருக்கற மலாக்கா ஜலசந்திய ராத்திரில தாண்டணும்னா கடற்கொள்ளைக்காரங்களுக்கு பயந்து பைரசி வாட்ச் போடுவோம், டெக்ல ஃபயர் ஹோஸ திறந்து ரெண்டு பக்கமும் தண்ணி பீச்சிக்கிட்டே போவோம், யாரும் தூங்க மாட்டோம். 2005 ஜூன்ல லண்டன் இன்சூரன்ஸ்காரங்க அந்த ஜலசந்திய போர் ஆபத்து இருக்கற எடம்னு லிஸ்ட்ல சேத்துட்டாங்க, பிரீமியம் ஏறுச்சு.

இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூணு பேரும் 2004லயே ரோந்து ஆரம்பிச்சிருந்தாங்க, அடுத்த வருஷம் விமானமும் சேத்தாங்க, 2008ல தாய்லாந்தும் வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ஒருத்தன் கப்பல் இன்னொருத்தன் கடலுக்குள்ள நுழையாது, அவங்கவங்க எல்லைல அவங்கவங்க ரோந்து, நேரத்த மட்டும் பேசி வெச்சுக்கிட்டு தகவல உடனே கை மாத்திக்கணும். அந்த விமானத்துல மட்டும் மத்த நாட்டு அதிகாரிங்களயும் ஏத்திக்கிட்டாங்க, யாரும் யாரையும் உளவு பாக்கறான்னு சந்தேகப்பட வேண்டியதில்ல பாருங்க. 2006 ஆகஸ்ட்ல லிஸ்ட்லேந்து எடுத்தாச்சு. இந்தோனேசியால ஆச்சே பக்கம் நடந்த உள்நாட்டு சண்டை 2005ல சமாதானம் ஆனதும் ஒரு காரணம், அதையும் சொல்லணும். ஆனா அந்த மூணு நாட்டுக்கும் நடுவுல தீவுத் தகராறு, மணல் தகராறு எல்லாம் இருந்துச்சு, அது தீந்த பிறகு தான் சேருவோம்னு இவங்க காத்துக்கிட்டு இருக்கல.

நம்ம பக்கம் 2020 செப்டம்பர்ல நியூ டயமண்ட்னு ஒரு டேங்கர் இலங்கைக்கு கிழக்கால தீப்பிடிச்சுது, உள்ள 2,70,000 டன் கச்சா எண்ணெய், குவைத்லேந்து ஒடிசால இருக்கற பாரதீப் வந்துக்கிட்டு இருந்துச்சு. இலங்கை நேவியும் நம்ம கோஸ்ட் கார்டும் நேவியும் சேந்து தான் அத அணைச்சாங்க. அந்த எண்ணெய் மொத்தமா கொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு வயித்த கலக்குது. அதே வருஷம் நவம்பர்ல தான் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூணும் பாதுகாப்பு ஆலோசகர் மட்டத்துல 2014லேந்து விட்டுப்போன பேச்ச கொழும்புல மறுபடி ஆரம்பிச்சாங்க. கொழும்பு செக்யூரிட்டி கான்க்ளேவ்னு பேரு, பின்னாடி மொரீஷியஸ் வந்துச்சு, 2024ல உங்க தோழி நாடு பங்களாதேஷும் வந்துச்சு. அவகிட்ட சொல்லுங்க.

மயூர்விஹார்_சேகர்:
சார் சொல்றத ஒத்துக்கறேன், ஆனா தகவல் கை மாறினா மட்டும் போதும்னு நெனச்சுடாதீங்க மலர். 2019 ஈஸ்டர் அன்னிக்கு இலங்கைல குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இந்தியாலேந்து எச்சரிக்கை போயிருந்துச்சு. போன தகவல் போன எடத்துலயே கெடந்துச்சு, அதிபர் ஒரு பக்கம் பிரதமர் ஒரு பக்கம்னு இழுத்துக்கிட்டு இருந்த நேரம் அது. 2023 ஜனவரில இலங்கை சுப்ரீம் கோர்ட்டே முன்னாள் அதிபர் சிறிசேனாவையும் அதிகாரிகளையும் நஷ்ட ஈடு கட்டச் சொல்லுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கதவ தட்டி சொல்றான், உள்ள இருக்கறவன் எழுந்திரிக்கல, அதுக்கு எந்த ஒப்பந்தம் போட்டு என்ன பண்றது?

ஆப்பிரிக்காலயும் சேந்து சாதிச்சதும் இருக்கு, பிரிஞ்சு போனதும் இருக்கு. 2017 ஜனவரில காம்பியால தேர்தல்ல தோத்த அதிபர் ஜாமே எறங்க மாட்டேன்னு உக்காந்தப்ப எக்கோவாஸ்ங்கற மேற்கு ஆப்பிரிக்க கூட்டமைப்பு நாடுங்க படைய அனுப்பி, பேசி, நாட்ட விட்டே கெளம்ப வெச்சாங்க. அதே எக்கோவாஸ்லேந்து 2025 ஜனவரில மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூணும் வெளிய போயிடுச்சு.

பாம்பன்_டு_முனிர்கா:
நீங்க எல்லாம் பெரிய கப்பல பத்தி பேசறீங்க, நான் சின்ன போட்டு பத்தி சொல்றேன். எங்க அப்பா இன்னும் விசைப்படகுல தொழிலுக்குப் போறாரு. 2016 நவம்பர்ல இங்க டெல்லில தான் இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டு மந்திரிகளும் பேசி, மீனவர் பிரச்சனைக்கு கூட்டுக் குழு ஒண்ணு போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடும்னாங்க, ரெண்டு கோஸ்ட் கார்டுக்கும் நடுவுல ஹாட்லைன்னாங்க. அந்த குழுவோட ஆறாவது கூட்டம் எப்ப நடந்துச்சு தெரியுமா, 2024 அக்டோபர்ல. எட்டு வருஷத்துல ஆறு தடவை. நடுவுல எத்தன பேரு யாழ்ப்பாணம் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாங்க, எத்தன போட்டு அங்கயே கெடந்து இத்துப் போச்சு. எங்க தப்பும் இருக்கு, மறைக்கல. இழுவை மடின்னா கடல் அடிய வாரிக்கிட்டு வர்ற வலை, அத போட்டா அடிக்கடல்ல ஒண்ணும் மிஞ்சாது, அந்தப் பக்கம் வலை அறுபடறதும் நம்ம மாதிரி ஒரு தமிழ் மீனவனோட வலை தான், போர்ல எல்லாத்தையும் எழந்துட்டு மறுபடி கடலுக்கு வந்தவன். இலங்கைக்காரங்க 2017ல சட்டம் போட்டு இழுவை மடிய தடை பண்ணாங்க, அது நியாயம்னு எங்கப்பாவே சொல்லுவாரு. மாத்து தொழிலுக்கு வழி காட்டாம எல்லைக்கோட்ட மட்டும் காட்டினா என்ன பண்றது?

மைதான்கடி_மலர்:
அண்ணா, இத படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. ஒண்ணு கேக்கணும். ராத்திரி இஞ்சின் நின்னு போட்டு அந்தப் பக்கம் அடிச்சிட்டுப் போனா அப்பா என்ன பண்ணுவாரு?

பாம்பன்_டு_முனிர்கா:
பக்கத்துல இருக்கற போட்ட வாக்கிடாக்கில கூப்பிடுவாரு, இல்லன்னா நங்கூரம் போட்டு விடியறவரைக்கும் சாமிய கும்பிடறது தான். அந்தப் பக்கம் யாருக்கு சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியாது தங்கச்சி.

துவாரகா_இஞ்சினியர்:
தம்பி, அந்தப் பக்கம் நீங்க கூப்பிட வேண்டியதே இல்ல. போன் சிக்னல் இருந்தா 1554 அடிக்கச் சொல்லுங்க, நம்ம கோஸ்ட் கார்டு மீட்பு நம்பர். இல்லன்னா விஎச்எஃப் ரேடியோல சேனல் 16. சென்னைலயும் கொழும்புலயும் கடல் மீட்பு மையம் இருக்கு, யாரோட கடல்ல ஆபத்து நடந்தாலும் ஒருத்தருக்கொருத்தர் தகவல் குடுக்கணும், அதுக்கு 1979லயே உலக ஒப்பந்தம் இருக்கு. கோடு தாண்டறதுக்கு முன்னாடியே கூப்பிடணும், அது முக்கியம். மொதல்ல போட்டு நம்பர், அப்புறம் ஜிபிஎஸ்ல காட்டற எடம், எத்தன பேரு, இஞ்சின் எத்தன மணிக்கு நின்னுச்சு. நேரம் பதிவாகிடும், பின்னாடி கேஸ்னு வந்தாலும் எடுத்துக் காட்ட ஒரு ஆதாரம் இருக்கும்.

பாம்பன்_டு_முனிர்கா:
சார், இப்பவே அப்பாக்கு போன் போட்டு சொல்லிட்டேன். கேபின் கதவுல பெயிண்ட்ல எழுதி வெக்கறேன்னாரு, பக்கத்து ரெண்டு போட்டுக்கும் சொல்றாராம்.